விரல் பொறுக்கிற சூடு

வியாகுலம்மாளுக்குப் பெயரில் மட்டும்தான் வியாகுலம். திருவொற்றியூர் சாக்லேட் கம்பெனியில், மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்பது அவள் சிரிப்புதான். ராயபுரத்துக்காரி. என் பக்கத்து அண்டாவில் சர்க்கரைப்பாகு கிண்டினாள். 1971 கிறிஸ்துமஸுக்குள் அவளை நிரந்தரமாக்க வேண்டும்; இல்லையென்றால் வேலை போய்விடும்.

எங்கள் சாக்லேட்டைக் கடித்தால் உள்ளே பாகு வழியும். வார்க்கும்போது அது கெட்டிதான். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த இன்வர்டேஸ் என்கிற திரவத்தில் சில சொட்டு கலப்போம். அது உள்ளே இருந்தபடியே சர்க்கரையை இரண்டாக உடைத்து, பதினைந்து நாளில் இளக்கிவிடும்.

சோப்புக் கம்பெனியிலிருந்து வந்த புது சூப்பர்வைசர் பக்தவச்சலத்துக்கு எல்லாவற்றிலும் அவசரம். இன்வர்டேஸ் பாட்டிலோடு பாகு ஆறக் காத்திருந்த வியாகுலம்மாளை விரட்டினார்.

"இன்னாம்மா வேடிக்க பாத்துகினு கீற? கொதிக்கும்போதே ஊத்து, சட்டுனு கலந்துடும்."

"வாணாம் சார், சூட்டுல அது செத்துபூடும். எங்க நாத்தனா கொதிக்கிற தண்ணில ஈஸ்ட்ட கரைச்சா. மாவு பொங்கவே இல்ல. பண்டிக அன்னிக்கி வூட்ல யாருக்கும் ஆப்பம் இல்ல!"

"கம்பெனி இன்னா உன் அடுப்பாங்கரையா?"

அவள் கிண்டிக்கொண்டே பாகை ஆறவிட்டாள். விரலை விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் ஊற்றினாள். அவர் வீம்புக்கு அடுத்த அண்டாவில் தாமே கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். பிறகு, 'சொல்பேச்சு கேட்பதில்லை, மந்தம்' என்று மேனேஜருக்கு எழுதியும் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள், அந்த இரண்டு அண்டாப் பாகையும் தனித்தனித் தட்டில் வார்த்த சாக்லேட்டுகளை உடைத்துப் பார்த்தபோது இரண்டு தட்டுமே கல்லாக இருந்தன. அன்று முழுக்க வியாகுலம்மாள் சிரிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் மேனேஜர் வந்தார். பக்தவச்சலத்தின் தட்டிலிருந்து ஒன்றைக் கடித்தார்; கடக்கென்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது வியாகுலம்மாளின் தட்டு. கடித்ததுதான் தாமதம், பாகு வாயிலிருந்து வழிந்து, தாடையில் ஓடி, வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது. துடைக்கவும் மறந்து இன்னொன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டார்.

"சார், என்ன பர்மனென்ட் ஆக்குவீங்களா, மாட்டீங்களா?" அப்போதே கேட்டுவிட்டாள்.

வாயைத் திறந்தால் பாகு கொட்டிவிடும் என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். மேலும் கீழும், மூன்று தடவை.

நாங்கள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்தான். நான் அழுதேவிட்டேன். வியாகுலம்மாள் பக்தவச்சலத்திடம் தன் தட்டை நீட்டினாள்.

"துன்னு பாரு நைனா, நல்லாகீது."

அவர் இரண்டு எடுத்தார்.