வேலுத்தாயின் மூக்குச் சொட்டு

மம்சாபுரத்து வேலுத்தாய் ராஜபாளையத்து நூல் மில்லுக்குப் போன ஒன்பது வருசத்தில் நீண்ட லீவு எடுத்தது பிரசவத்துக்கு மட்டும்தான். பஞ்சுத் தூசியில் மூக்கு அடைக்கும். அதற்கு மெடிக்கலில் சொட்டு மருந்து ஒன்று வாங்குவாள். அட்டையில் எழுதியிருப்பதை யார் வாசித்தார்கள்? மூணு வருசமாக இடுப்புச் சேலையில் அந்தக் குப்பியைச் செருகாமல் அவள் வாசல் தாண்டியதில்லை.

தொண்ணூற்றொன்று, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மில்லுக்கு வார லீவு. ஆறு மாசப் பிள்ளை மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் சிணுங்கியது. வெந்நீர் பட்டால் இளகிவிடும் என்று காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பொறவு மல்லாக்கத் திருப்பி மூக்கில் எண்ணெய் விடுவது வழக்கம். அன்றைக்கு எண்ணெய்க்குப் பதிலாகத் தன் குப்பியைக் கவிழ்த்தாள். எண்ணெய் விடுகிற அளவுக்கே விட்டாள், மகராசி!

பிள்ளை தூங்கியது. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை தூங்கத்தானே செய்யும்? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மத்தியானம் சாப்பிட வந்த புருசன் பொன்னுராஜ் பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டு அலறினான்.

"ஏட்டி, சில்லுன்னு கிடக்கு! எழுப்புனா கண்ணே தொறக்க மாட்டேங்கு!"

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்தார். துடிப்பு எண்ணி எண்ணி விழுந்தது.

"என்ன மருந்தும்மா குடுத்த?"

"ஒண்ணுமே குடுக்கலம்மா, தாய்ப்பால்தான்" என்று சத்தியம் பண்ணினாள் வேலுத்தாய். அது பொய்யில்லை. மூக்கில் விடுவதை அவள் மருந்து என்றே நினைத்ததில்லை. டாக்டரம்மா காரணம் புரியாமல் தவித்துக்கொண்டிருக்க, அழுதழுது மூக்கடைத்துப்போன இவள், பழக்க தோசத்தில் குப்பியை உருவி அண்ணாந்து விட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

"இதைப் பிள்ளைக்கு விட்டியா?"

"ஆமாம்மா... காலையில."

"அடிப்பாவி! பெரியவங்களே நாலஞ்சு நாளைக்கு மேல விடக்கூடாது. விட விட இதுவே மூக்கை அடைச்சிரும். கண்ணு சிவப்புக்கு விடுற சொட்டுலயும் இந்த வகை மருந்துதான் இருக்கு. பச்சப்பிள்ளை உடம்புக்குள்ள போனா மூச்சையே நிறுத்திரும்!"

பெத்த கையாலேயே! சுவரோரம் உட்கார்ந்த வேலுத்தாய் அன்று முழுக்கச் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

காரணம் தெரிந்ததால் டாக்டரம்மா பிள்ளையைச் சூடாகச் சுற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்து, கூடவே இருந்தார். மறுநாள் விடிந்து பிள்ளை வீறிட்டு அழுதது. பொன்னுராஜ் இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டான்.

வேலுத்தாயின் கை மட்டும் தானாக இடுப்புக்குப் போனது. அங்கே குப்பி இல்லை. அடைத்த மூக்கோடு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. நம்பாமல் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.