மேல் அறைக்குப் போகும் குழாய்

கடைத்தெருவில் அவருக்கு ‘மூடுங்க அண்ணன்’ என்றுதான் பெயர். அவருடைய மளிகைக் கடையில் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தால் போதும், கல்லாவிலிருந்து குரல் வந்துவிடும். “மூடுங்க, மூடுங்க! குளிரெல்லாம் வெளிய போகுது.” வெண்ணெயா தயிரா என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. கதவே கண்ணாடிதானே, வெளியில் நின்று யோசித்துவிட்டுத் திறந்தால் குடியா முழுகிவிடும்?

பழைய கடையை இடித்து, அதே செங்கல்லை எடுத்துக் கட்டிய கடை அது. கூரையில் சாய்வாகப் பதித்த கண்ணாடியால் பகலில் விளக்கே வேண்டாம். மழைத்தண்ணீர் தொட்டிக்குப் போய், தரை கழுவ வரும். எல்லாம் ஓர் இன்ஜினியர் அம்மா போட்டுக்கொடுத்த திட்டம். மாடி அறைக்குப் போகும் குழாயை மட்டும் இவர் ஒற்றைக்காலில் நின்று போடவைத்தார்.

குளிர்பெட்டி உள்ளே குளிரை வைத்துக்கொண்டு சூட்டை வெளியே தள்ளும். மற்ற கடைகளில் அந்தச் சூடு பின்சந்தில் வீணாகப் போகும். இங்கே அது தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் இரும்புக் குழாயில் மாடி அறைக்கு ஏறி இறங்கும். மாடி அறையில் அவர் மனைவி இருந்தாள். மூட்டுவாதம். குளிர் பட்டால் விரல் மடங்காது, உயிர் போகிற வலி.

“பால் குளுகுளுன்னு இருக்கு, நீ கதகதன்னு இருக்க. எல்லாம் ஒரே கரண்ட்டு” என்று அவர் பீற்றிக்கொள்வார்.

“அப்போ பால் விக்காத அன்னிக்கு நான் விறைச்சுப்போகணுமா?” என்பாள் அவள். வாய் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை.

அந்த விரல்களால் வால்வைத் திருக முடியாது என்று, அதைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். செல்போனைத் தடவுவதும் அவளுக்கு ஒத்துவரவில்லை. அதனால் ஒரு கரண்டி. மேலே அவள் குழாயில் ஒருமுறை தட்டினால், சூடு போதும், மூடு. இரண்டுமுறை என்றால் குளிருகிறது, திற. மூன்று என்றால் மேலே வா. மூன்றை அவள் தட்டியதே இல்லை. “யாவார நேரத்துல மனுஷன எதுக்குப் படியேத்தணும்?” என்பாள்.

அன்று காலை கடையில் நல்ல கூட்டம். பருப்பு நிறுத்துக்கொண்டே யாரோ சொன்ன பழைய ஜோக்குக்குச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். குழாயில் ஒரு தட்டல் கேட்டது. கை தானாகப் போய் வால்வை மூடியது, வருஷக்கணக்கான பழக்கம். கூட்டம் கலைந்த பிறகு டீயை எடுத்துக்கொண்டு மேலே போனார். அறை சில்லென்று இருந்தது. அவள் குழாயில் தலை சாய்த்திருந்தாள், கரண்டி தரையில் கிடந்தது.

ஒன்று தட்டிய கைக்கு மற்ற இரண்டையும் தட்டத் தெம்பில்லாமல் போயிருந்தது.

மாரடைப்பு, ஓடிப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது டாக்டருடைய கணக்கு. வெளியூரிலிருந்து வந்த மகள் வேறு கேட்டாள். “சூடு போதும்னு எடுத்துக்கிட்டீங்க, சரி. ஒரு எட்டு மேல வந்து பாத்திருக்கக் கூடாதாப்பா?”

கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு கல்லாவில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டாள், அவருக்குச் சோறு போட்டாள், ‘அப்பா’ என்று மட்டும் கூப்பிடவில்லை. அவரைத் தின்றதோ வேறொரு கேள்வி. தட்டியவுடன் போய்விட்டாளா, இல்லை, வருவார் வருவார் என்று காத்திருந்தாளா? யாரிடம் போய்க் கேட்பது?

காரியம் முடிந்ததும் வால்வைத் திறந்தவர் அதன் பிறகு மூடவில்லை. வெயில் நாளிலும் காலி அறை கொதித்தது. கடை சாத்திய பிறகு அங்கே போய் உட்கார்ந்திருப்பார். குளிர்பெட்டியை யார் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் வாய் திறப்பதில்லை. பாவம், ஜனங்கள் தாங்களாகவே மூடிவிட்டு, குனிந்துகொண்டு போனார்கள்.

கடையைப் பார்க்க வந்த இன்ஜினியர் அம்மா மென்று விழுங்கினாள். “ஆளில்லாத ரூமுக்கு இவ்ளோ சூடு போகுது சார். குழாய வெட்டி, கீழ வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பிடலாமா?”

அவர் மகளைப் பார்த்தார்.

“வெட்டச் சொல்லுங்க” என்றாள் மகள். “யாருக்கு வேணும் அது?”

குழாய் வேலைக்காரர் வருவதாகச் சொன்ன காலையில் அவர் மேலே போனார். கடை திறந்திருக்கும் வேளையில் அவர் மனைவியின் கட்டிலில் உட்கார்ந்ததே இல்லை. ஜன்னலோரம் கரண்டி இருந்தது. மகளைக் கூப்பிட்டு, கடைசியாக ஒருமுறை அம்மாவின் அறையில் சேர்ந்து உட்காரலாம் என்று நினைத்தார். மூன்று தட்ட வேண்டும். ஒன்று தட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுகை பீறிட்டது, கை எழும்பவில்லை.

குழாய்க்குள் தண்ணீர் ஓடும் ஓசை நின்றது. மகள் வால்வை மூடிவிட்டாள்.

அப்போதுதான் கேட்டது. குழாய் ஏறும் ஓட்டை வழியாகக் கீழே பேசுவதெல்லாம் பக்கத்தில் பேசுவதுபோல் வந்தது. “முட்டை உடைஞ்சிருந்தா மாத்தித் தர்றேங்க்கா” என்றாள் மகள். அந்த அக்கா ஏதோ சொல்ல, சிரித்தாள். பையின் சரசரப்புகூடக் கேட்டது. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.

பிறகு படியில் தடதடவென்று ஓட்டம். மகள் வாசலில் நின்றாள், முகம் வெளிறியிருந்தது.

“நான்... மூடிட்டேன்ப்பா.”

“தெரியும்மா.”

“தட்டுனது நீங்கன்னு தெரியும். மேல வரணும்னு தோணவே இல்லப்பா. கை பாட்டுக்கு மூடிடுச்சு.”

“ஆள் நின்னாங்கல்ல. யாவார நேரம்.”

அவள் தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

“நான் கீழ சிரிச்சுப் பேசிட்டிருந்தது கேட்டுச்சாப்பா? அப்படின்னா, அன்னிக்கு அம்மாவுக்கும்...”

அவர் அவள் தலையைத் தடவினார். கீழே யாரோ குளிர்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“இல்லம்மா” என்றார். “இங்க ஒண்ணும் கேக்காது.”