வறடிக்கல்லைச் சுற்றிய வீரன்

என் வீட்டுக்காரர் எழுதும் கதையில் புலி வந்தால் முதலில் எங்கள் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழும். அப்புறம்தான் பேனா நகரும். புலியை அவிழ்த்துவிடுகிறவரும் அவர்தான், பயந்து சாகிறவரும் அவரேதான். இந்த அழகில், சென்னையிலிருந்து வந்த குழந்தைகள் பத்திரிகையில் வாராவாரம் அவருடைய வீரன் முதலையின் வாயைப் பிளப்பான், கொள்ளைக்காரர்களை ஒற்றைக் கையால் தூக்கி அடிப்பான், அருவி உச்சியிலிருந்து குதித்துவிட்டுத் தலைமயிர்கூடக் கலையாமல் எழுந்து வருவான்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. சங்ககிரி ரயிலடியிலிருந்து அந்தக் கரி பஸ் இருமி இருமித் திருச்செங்கோட்டுக்கு வந்து சேரும்போது, பத்திரிகைக் கட்டுக்காகத் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அங்கே நிற்கும். படித்து முடித்ததும் நேரே எங்கள் வீடு. நான் அந்த ஊரில் பிறந்தவள். அதனால் நான் அவர்களுக்கு அக்கா, அவர் மாமா.

"மாமா, முதலைக்கு நாக்கு எப்புடியிருக்குமுங்க?"

மாமாவுக்குப் பல்லியைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். அதைச் சொல்வாரா? மேலே கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பழைய நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும். மாமா சின்ன வயதில் பர்மாக் காட்டில் இருந்தாராம், கரடியோடு மல்லுக்கட்டினாராம் என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். இவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. ஆத்தூரில் பிறந்து, பஞ்சு மண்டியில் கணக்கெழுத எங்கள் ஊருக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்ட மனுஷர். அவர் பார்த்த பர்மா சேலம் கடைவீதி மட்டும்தான்.

எங்கள் ஊர் மலைக்கே அவர் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "சாமி எல்லா இடத்துலயும் இருக்கார், இந்தப் படியிலயும் இருப்பார்" என்று அங்கேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினார். வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

எழுதியதை அனுப்புமுன் என்னிடம் காட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் சிரித்துவிடுவேனாம். அதற்கும் பயம். அப்படிக் காட்டாமல் அனுப்பியதில்தான் வினை வந்தது.

ஒரு வாரம் கொள்ளைக்காரர்கள் வீரனைத் துரத்துகிறார்கள். ஓட ஓர் இடம் வேண்டும். இவர் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். மலை உச்சியில், விளிம்பை ஒட்டி ஒரு கல் தனியாக நிற்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? வீரன் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று முறை சுற்றினான். பின்னால் வந்தவர்கள் தலை கிறுகிறுத்து விழுந்தார்கள். திருச்செங்கோட்டு மலை என்று பெயரையும் போட்டு அனுப்பிவிட்டார்.

அது வறடிக்கல். வறடி என்றால் எங்கள் பக்கத்தில் மலடி. பிள்ளையில்லாத பெண்கள் பிள்ளை வேண்டிச் சுற்றுகிற கல். ஒரு பக்கம் கல், மறுபக்கம் ஆகாயம், நடுவில் கால் வைக்க இடம் என்று பெயருக்கு ஏதோ இருக்கும். மூன்று சுற்று சுற்றி உயிரோடு வந்தால் வயிறு திறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கட்டிய பெண்டாட்டி என்னைக் கேட்டிருக்கலாம். அது சரி, மூன்று முறை என்று எப்படி எழுதினீர்கள் என்று பிறகு கேட்டேன். கதை என்றால் எல்லாம் மூன்றுதானே என்றார்.

பத்திரிகை வந்த அன்று ஊரே சிரித்தது. மண்டி முதலாளி முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "ஏனுங்க, உங்க வீரனுக்கு இது எத்தனாவது மாசமுங்க?" என்று விசாரித்தாராம். மூட்டை தூக்குகிறவர் ஒருவர், "புளிப்பு மாங்கா ரெண்டு கொண்டாந்து தரட்டுங்களா?" என்றாராம். இவர் ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்க?"

சொன்னேன். கையில் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் அந்த நீர் நிற்கவில்லை.

எங்களுக்கும் பிள்ளையில்லை. என் கல்யாணத்தை ஒட்டிக் கல்யாணமானவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எதிர்வீட்டு அத்தையோ வெறும் வாயையே மெல்லுகிறவள். இப்படி அவல் கிடைத்தால் விடுவாளா? அந்த வாரமே ஒரு வளைகாப்பு. எல்லாருக்கும் நீட்டிய சந்தனக் கிண்ணத்தை என்னிடம் வந்ததும் நீட்டாமல் தாண்டிக்கொண்டே சொன்னாள்: "கதையில வாறவனே சுத்திப்போட்டான். ஊட்டுல இருக்கறவ இன்னும் சுத்தாம இருக்கறா."

வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமை நான் கல்லைச் சுற்றப் போகிறேன் என்றேன். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். உயிர் போனால் போகட்டும் என்கிற அளவுக்கு வேண்டும். இவர் பதறினார்.

"வேண்டாம். விழுந்தா எலும்புகூட மிஞ்சாது."

"உங்க வீரன் மூணு சுத்துச் சுத்துனானே. நீங்கதான எழுதுனீங்க?"

"அவன் விழமாட்டான். அவனை எழுதறவன் நான். உன்னை நானா எழுதறேன்?"

இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே நல்ல வசனம் அது. அதைக் கதையில் போடாமல் என்னிடம் வந்து சொன்னார். நான் கேட்கிற நிலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டேன். பின்னாலேயே அவரும் வந்தார். தெரு திரும்பினால் பிள்ளைகள் கூட்டம். வீரன் சுற்றிய இடத்தை மாமா காட்டப் போகிறார் என்று எப்படியோ செய்தி பரவிவிட்டது. போங்கள் என்றால் யார் போகிறார்கள்? அவருடைய அந்தப் பழைய படி வந்தது. நின்றார், அதைப் பார்த்தார், தாண்டினார். அதற்கு மேல் நான்கு காலில்தான் ஏறினார். "மாமா ஏனுங்க இப்புடி ஏறறாரு?" என்று ஒரு வாண்டு கேட்க, "பர்மால இப்புடித்தான் ஏறுவாங்க" என்று இன்னொன்று விளக்கம் சொன்னது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வீடுகள் எல்லாம் கீழே சொப்புச் சாமான் போலக் கிடந்தன. பிள்ளைகள் தள்ளியே நின்றுவிட்டார்கள். நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லில் நெஞ்சை ஒட்டி, ஒரு காலை எடுத்து விளிம்பில் வைத்தேன். இரண்டாவது காலை எடுக்க முடியவில்லை. பயம் என்று நினைத்தேன். இல்லை. கணுக்காலை யாரோ பிடித்திருந்தார்கள்.

குனிந்து பார்த்தால் இவர். வயிற்றாலேயே ஊர்ந்து விளிம்புவரை வந்திருக்கிறார். கண் இறுக மூடியிருக்கிறது. பிடி மட்டும் விடவில்லை. வாராவாரம் முதலையோடு சண்டை போடுகிறவர், அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார்.

"எனக்குப் பிள்ளை வேண்டாம். சத்தியமா வேண்டாம். நீ இருந்தாப் போதும். இறங்கி வா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்கும் வேண்டாமா என்று அங்கேயே, அந்தக் காற்றில், விளிம்பில் ஒற்றைக் காலோடு நின்று சண்டை போட்டேன். வாசலுக்கு வருகிற பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்துக் கதை சொல்கிறாரே, உள்ளுக்குள் எவ்வளவு ஏங்குகிறாரோ என்று நானாகவே நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதைச் சொல்லியிருக்கலாமே இந்த மனுஷர். திட்டித் தீர்த்தேன். விளிம்பில் வைத்த காலைத் திரும்ப எடுத்தேன். ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. மனதில் இருந்த ஆசையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அது லேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் பக்கம் திரும்பவே அவருக்கு முகமில்லை. பர்மாவும் போயிற்று, கரடியும் போயிற்று. பின்னல் அவிழ்ந்த ஒரு சிறு பெண் கிட்டே வந்து அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"பரவால்லீங்க மாமா. எங்களுக்கும் பயமாத்தான் இருக்குது."

ஆளுக்கொரு கை பிடித்து அவரை இறக்கினார்கள். இந்த முறை அவர் உட்காராமலேயே இறங்கினார்.

அடிவாரத்தில் எதிர்வீட்டு அத்தை காத்திருந்தாள். "ஏனம்முணி, சுத்தியாச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பின்னல்காரி முந்திக்கொண்டாள். "மூணு சுத்துங்க ஆத்தா. நாங்க பாத்தமுங்க."

"காத்து அப்புடி அடிச்சுதுங்க, அக்கா அசையவே இல்லீங்க" என்றது இன்னொன்று.

"மாமாவும் பொறகாலயே சுத்துனாருங்க" என்றது கடைசியில் நின்ற வாண்டு.

வாராவாரம் இவரிடம் பாடம் படித்த பிள்ளைகள் அல்லவா! நம்பும்படியாகவே புளுகினார்கள். பெரியவர்களான பிறகும் ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. நான் நடுத்தெருவில் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் முட்டிய நீரை அத்தை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கன்னத்தைத் தடவினாள்.

பிள்ளை பிறக்கவில்லை. அதன்பின் எத்தனையோ ஆடி வந்து போயிற்று. ஆனால் வறடி என்ற சொல் என் காதில் விழவே இல்லை. ஏனென்றால் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: அவள் ஒழுங்காகத்தான் சுற்றினாள், பெண்கள் சுற்றுகிற கல்லை ஆம்பளை போய்ச் சுற்றினால் எப்படிப் பலிக்கும்? குற்றம் முழுக்க அவன் தலையில். வளைகாப்பு வீடுகளில் சந்தனக் கிண்ணம் மறுபடி என் முன்னால் வந்தது.

கல்யாண வீட்டில், மண்டியில், பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது அவரைப் பிடித்துக்கொள்வார்கள். "ஏனுங்க, அந்தப் புள்ள உசுரக் குடுத்துச் சுத்துச்சு. நீங்க போயி எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்களே."

"நான் அந்தக் கல்லைச் சுற்றவே இல்லை" என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். பல்லிக்குப் பயந்த மனுஷர், கடைசிவரை அதைச் சொல்லவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் ஒரே பதில்தான்.

"ஆமாங்க. என்னாலதானுங்க."