இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

கல்யாணமாகி வந்த நாள் முதல் என் ஓரகத்தியைக் கண்டால் எனக்கு ஆகாது. கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எல்லாமே அவளுக்கு முதலில் போகும், அதுதான் கோளாறு. மூத்த மருமகள் என்று நல்ல சேலை அவளுக்கு, முதல் பந்தி அவளுக்கு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பனியன் கம்பெனியில் கூட, வேலைக்கு வரும் பெண்கள் அவளைத்தான் தேடுவார்கள்.

அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம். மலையாளக் கரையில் எங்கள் பனியனை வாங்கி விற்பவர், கடலோரத்தில் தன் வீடு சும்மா கிடப்பதாகவும், யாராவது வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றும் கடிதம் போட்டார். மிஷினை நிறுத்த முடியாது. ஒரு ஜோடிதான் போக முடியும். "பெரியவ போயிட்டு வரட்டும்" என்றார் மாமியார். எனக்கு வயிறு எரிந்தது. நானும் கடலைப் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. அப்புறம் என்ன பெரியவ, சின்னவ?

எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி வைத்து முருகன் படத்தின் முன் போடுவோம். மாமியார் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு; சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் மடிக்கும் வேலை எப்போதும் சின்ன மருமகளான எனக்கு.

இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன்.

மாமியார் பிரித்தார். சிவப்பு. ஓரகத்தியின் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே மற்ற பொட்டலத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். எங்களுக்குக் கேட்டபோது இரண்டிலும் வெள்ளை வைத்தேன். முருகன் கண்ணைக் குத்துவான் என்று பயந்தேன்; குத்தவில்லை.

ரயில், பஸ், கடைசியில் ஒரு வள்ளம். கண்ணுக்கு எட்டிய வரை வேறு வீடு கிடையாது. தென்னை, மணல், தண்ணீர். மிஷின் சத்தம் இல்லாமல் முதல் இரண்டு நாள் காது அடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் பழகிப்போனது. நினைத்தபோது எழுந்தோம், பாயைத் தென்னை நிழலுக்கு இழுத்து மறுபடி படுத்தோம். இளநீரும் மரவள்ளிக் கிழங்கும் காவல்காரர் கொண்டுவந்து வைப்பார். என் வீட்டுக்காரர் அலைக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். அப்படி அவர் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

நாலாம் நாள் அவர் சொன்னார்: "அண்ணி இதப் பாத்திருந்தா எத்தன சந்தோசப்பட்டிருப்பாங்க, இல்ல புள்ள?"

அட, கடலைக் கூட எனக்கென்று விடமாட்டாளா அவள்! "ஏனுங்க, இங்க வந்துமா உங்க அண்ணி புராணம்?" என்று சீறிவிட்டு எழுந்து போனேன். மிச்ச நாளெல்லாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வாடிய முகம்தான் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எப்படி இருந்துச்சு கண்ணு? சொல்லு, நான் கேட்டுக்கறேன்." சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அவள் ஒரு தடவை முகம் சுளித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சில வருடம் கழித்து, மிஷினுக்கு இரண்டு நாள் லீவு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினோம். கடலோரத்து முருகன். அவள் மட்டும் வரவில்லை.

"நான் வரலீங்க அத்தை. கடலுக்குப் போறதுக்கு எனக்கு உத்தரவு இல்லீன்னு சாமியே சொல்லீட்டாரு."

"மறுக்காப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்க்கா" என்றேன்.

"ஒருக்கா சொன்னதை மறுபடியும் கேட்டா அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமே கண்ணு. நீ போயி, எனக்கும் சேத்தி ஒரு முழுக்குப் போட்டுட்டு வா."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மாமியார் இருந்தார், என் வீட்டுக்காரர் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. சாமி பேச்சை அப்படி நம்புகிற மனசு அவளுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனேன்.

திருச்செந்தூரில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினார்கள். நான் முழங்கால் தண்ணீரிலேயே நின்றேன். அவளுக்கான முழுக்கையும் போடவில்லை, எனக்கானதையும் போடவில்லை.