ஆனிக் காற்றும் மூன்றாம் ஓலையும்

மலை ஏறினவர்கள் எல்லாரும் மலையைப் பற்றி அழகாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு எங்கள் ஊருக்குக் கிழக்கே நிற்கிற அந்த மலையைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா செத்து மூன்று வருஷம். வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன். தக்கலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பெண் கேட்டு வந்தது. மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம், திருக்குறுங்குடிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை. நிச்சயத்தன்று ஒரே தடவைதான் அவனைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான், கேட்காததைச் சொல்லவில்லை. நல்லவன் என்று நினைத்தேன். பேசாதவனை நல்லவன் என்று நினைக்கிற புத்தி எல்லாருக்கும் இருக்கிறது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் படிப்பார். ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். மூன்றாம் ஓலை வாசித்து யாரும் வாய் திறக்கவில்லை என்றால் தீர்ந்தது. பிறகு எவன் என்ன சொன்னாலும் எடுபடாது. தங்கைக்கு இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு. அந்த வியாழக்கிழமை கருவாட்டுக்காரன் வந்து சேர்ந்தான்.

அவன் மண்டைக்காட்டுப் பக்கத்துக்காரன். தலைச்சுமையாகக் கருவாடு கொண்டு மலைத் தோட்டங்கள் வரைக்கும் போகிறவன். முற்றத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவிடம் மாப்பிள்ளை யார் என்று விசாரித்தான். அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"அந்த ரைட்டரா? அவரு லயத்து வீட்டுல ஒரு பொம்பளை சோறு பொங்குதாளே. இடுப்புல ஒரு பிள்ளையும் இருக்கு."

நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன். "பெண்டாட்டியா?"

"அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நான் கருவாடு விக்கப் போனவன். தாலியப் பாக்கவா போனேன்?"

"பிள்ளை அவன் சாடையாவே?"

"பிள்ளை பிள்ளை சாடைதான். மூக்கு ஒழுகிட்டு நிண்ணுது. சாளை வேணுமா, நெத்திலி வேணுமா?"

அம்மா நெத்திலி வாங்கினாள். வாங்கிக்கொண்டே, சமையலுக்கு வைத்த ஆளாக இருக்கும் என்றாள். சமையல்காரி பிள்ளையோடா வருவாள் என்று என் மனைவி கேட்டாள். விதவை அக்காவாக இருக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள். அரை மணி நேரத்தில் அந்தப் பொம்பளை மூன்று பேர் ஆகிவிட்டாள். தங்கை அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாயிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எந்தத் தாய் சொல்லுவாள்?

நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழி வழியாகப் பணகுடி போய், திருக்குறுங்குடி போய், அங்கிருந்து மலை ஏற இரண்டு நாள் ஆகும். திரும்ப இரண்டு நாள். ஞாயிற்றுக்குள் முடியாது. நேரே மலையைத் தாண்டினால் ஒரு நாள். மேலே இரண்டு கொடுமுடிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் எங்கள் வயலிலிருந்தே தெரியும். அதுதான் கணவாய். வெள்ளி போய், சனி திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

துணைக்கு என் மனைவியின் அண்ணன் வந்தார். மரம் வெட்டப் போய் அந்த வழியெல்லாம் தனக்குத் தெரியும் என்று சொல்லித்தான் வந்தார். பாதி மலை ஏறின பிறகு, மரம் வெட்டப் போனது அதுவரைக்கும்தான் என்றார்.

அடிவாரத்தில் ஒரு காணிக்காரரைப் பார்த்தோம். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இண்ணைக்கு மஞ்சு எறங்கும், நாளைக்குக் காலத்த வாங்க, நான் கொண்டு விடுகேன்" என்றார். மஞ்சு என்றால் மூடுபனி. நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் வேலையைப் பார் என்று கத்திவிட்டு நடந்தேன். அவர் வழிவிட்டு நின்றார். அந்த ஆளிடம் பிறகு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன?

எனக்கு என்ன தைரியம் என்றால், காற்று. எங்கள் ஊரில் திசை தெரியாத மனிதன் கிடையாது. ஆனியிலும் ஆடியிலும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், ஓயாது. தென்னையெல்லாம் கிழக்கே சாய்ந்துதான் நிற்கும். காற்று முதுகில் அடித்தால் நாம் பாண்டிக்குப் போகிறோம், முகத்தில் அடித்தால் வீட்டுக்கு வருகிறோம். திருநெல்வேலிச் சீமையைத்தான் நாங்கள் பாண்டி என்போம். இதைத் தெரிந்து வைத்திருப்பவனுக்குக் காணிக்காரர் எதற்கு?

ஏற ஏற ஈரம். கால் வைத்த இடமெல்லாம் அட்டை. ஒரு துணியில் உப்பை முடிந்து தடியின் நுனியில் கட்டி, அட்டையைத் தொட்டுத் தொட்டு உதிர்த்துக்கொண்டே போனோம். மச்சானுக்கு வாய் ஓயவில்லை.

"மாப்ளே, அவனைக் கண்டதும் முதல்ல அறைவியா, கேப்பியா?"

"அறைவேன்."

"கேட்டுட்டு அறை. அறைஞ்சுட்டுக் கேட்டா பதில் தெளிவா வராது."

உச்சிப்பொழுதுக்குக் கணவாய்க்கு வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் புல். காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பெரிய பாறை மறைவில் உட்கார்ந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் தின்றோம். "இனி எறக்கம்தான் மாப்ளே" என்றார் மச்சான். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சு இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மச்சானைத் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நான் பயப்படவில்லை. முதுகைக் காட்டி நின்றேன். காற்று முதுகில் வந்து அடித்தது. "இந்தா, கிழக்கு" என்று இறங்க ஆரம்பித்தேன்.

இறங்கினோம், இறங்கினோம். தடம் கொஞ்ச தூரத்தில் போய்விட்டது. ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு போனோம். ஓடை ஒரு பாறையிலிருந்து கீழே குதித்தது. சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால் ஓடையைக் காணோம். காற்று சில இடத்தில் நின்றுபோனது, சில இடத்தில் பக்கவாட்டில் வந்தது. முதுகில் வரும் வரைக்கும் நின்று பார்த்து, வந்ததும் நடந்தேன். மழை மட்டும் விடவில்லை.

"மச்சான், ஆனி மாசம் பாண்டியில மழை பெய்யுமா?"

"நாம வந்திருக்கோம்லா, அதான் பெய்யுது."

சிரித்துவிட்டேன். சிரிக்காமல் அதைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அந்த மாதத்து மழை எங்கள் பக்கத்திலேயே நின்றுவிடும், மலையைத் தாண்டாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அட்டைகூட அந்தப் பக்கம் ஆனியில் இவ்வளவு இருக்காது. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் காற்று முதுகில் அடிக்கிறதே!

இருட்டியதும் ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கினோம். விடிந்ததும் மறுபடி இறக்கம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மரங்கள் குறைந்து வெளிச்சம் வந்தது. ஒரு வாழைத் தோட்டம், அதன் வரப்பில் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டோம், இனி ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும்.

"இஞ்ச ரைட்டர் லயம் எது?"

"எந்த ரைட்டரு?"

"காப்பித் தோட்டத்து ரைட்டர்."

"காப்பியா? இஞ்ச வாழைதான் நிக்கி, கண்ணு தெரியல்லியா?"

"சரி, திருக்குறுங்குடிக்கு இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்?"

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "திருக்குறுங்குடிக்குப் போணும்னா மலை ஏறில்லா போணும்! நீங்க எங்கயிருந்து வாறிய?"

"மலைக்கு அந்தப் பக்கத்துலயிருந்து."

"பாண்டியிலயிருந்தா? பேச்சு நம்ம பேச்சாட்டுல்லா இருக்கு!"

மச்சான் வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். எனக்கு அவரை மிதிக்கலாம் போல இருந்தது. கணவாயில் பாறைகளுக்கு நடுவே காற்று சுழன்று திரும்பி அடித்திருக்கிறது. நாங்கள் ஏறின மலையிலேயே, ஏறின பக்கமாகவே, வேறொரு சரிவில் இறங்கியிருக்கிறோம். எங்கள் ஊருக்கு அங்கிருந்து எட்டு மைல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பாத்தியா?" என்றாள். நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். மச்சானிடம் வாயை மூடிக்கொண்டிரும் என்று வழியிலேயே சொல்லியிருந்தேன்.

மறுநாள் சபைக் கோயிலுக்குப் போகும்போது என் எண்ணம் இதுதான்: இன்னும் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி ஐயரிடம் கேட்பது. அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் தங்கை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் அன்றைக்கு வந்திருந்தான். ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்து முடித்தார். நான் எழுந்தேன்.

"என்ன தடை?" என்றார் ஐயர்.

"அவனுக்கு அங்க ஒரு பொம்பளையும் பிள்ளையும் இருக்கு."

"யார் சொன்னது?"

பின்னாலிருந்து தாய்மாமன் குரல் கொடுத்தான். "கருவாட்டுக் கூடை சொல்லியிருக்கும்!"

கோயிலே சிரித்தது. ஐயர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"நீ கண்ணால் கண்டாயா?" என்று ஐயர் கேட்டார்.

"கண்டேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். முழங்கால் வரைக்கும் அட்டைக் கடி, வீங்கி, ரத்தம் கட்டியிருந்தது. நான் மலையைத் தாண்டிப் போய் வந்ததற்கு அதுதான் சாட்சி. வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மச்சான் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

ஐயர் கல்யாணத்தை நிறுத்திவைத்து மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. குற்றம் உள்ளவன் என்பதால் எழுதவில்லையா, குற்றமில்லாதவன் கோபித்துக்கொண்டு எழுதவில்லையா? அவன் வீட்டார், உங்கள் பெண்ணே வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அதுவும் இரண்டுக்கும் பொருந்தும். கருவாட்டுக்காரன் இரண்டு மாதம் கழித்து வந்தான். கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"நான் அந்த ரைட்டர்னா சொன்னேன்? அங்க ரெண்டு ரைட்டர்லா உண்டு அண்ணாச்சி. எந்த ரைட்டர்னு நீங்க கேக்கல்லியே."

"எந்த ரைட்டர்லே, சவமே?"

"அதுதான் இப்ப மறந்துபோச்சு."

அதன் பிறகு மலையைத் தாண்டிப் போய்ப் பார்த்திருக்கலாம். தை மாதத்தில் மஞ்சு கிடையாது, கணவாய் கண்ணாடி மாதிரி தெரியும். நான் போகவில்லை. போய், அங்கே எந்தப் பொம்பளையும் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? மச்சான் மட்டும் மலையில் மேகம் உட்காரும்போதெல்லாம், "மாப்ளே, பாண்டி தெரியுது பாரு" என்பார். வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை. தங்கையை நான்கு வருஷம் கழித்து, பெண்டாட்டியை இழந்த ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தோம். குறை சொல்லும்படி ஒன்றுமில்லை. நிறைவாகச் சொல்லவும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. மூன்றாம் ஓலை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கை என் காலுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அவரு வீட்டு முன்னால ஒரு மரம் நிக்குமே, பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன மரம்?"

"பலா" என்றேன்.

"சரி" என்றாள். அடுத்த காலுக்குத் தடவினாள்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள். அவன் தாய் நிச்சயத்தன்று தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாளாம்: என் மகன் லயத்து வாசலில் அவன் கையாலே ஒரு நாரத்தை வைத்திருக்கான், நீ போகையிலே காய்க்கும் என்று. நான் பலா என்று சொல்லியிருந்தேன். தங்கை கிணற்றடியில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். நேரே போனேன்.

"அண்ணைக்கு ஏன் மரத்தைக் கேட்டே?"

"சும்மா கேட்டேன்."

"நான் அங்க போவல்லேண்ணு ஒனக்குத் தெரியும்."

அவள் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

"அவரு கெட்டவருண்ணு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லவருண்ணு எனக்கு மட்டும் தெரியுமா? போண்ணே. போய்ச் சோறு தின்னு."

கோபமாகச் சொன்னாளா, தப்பித்த நிம்மதியில் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள்.