என் பெயருக்கு வந்த கண்ணாடி

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்கள், எங்கள் வீட்டில் ஒரு மாதம் குடியிருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா, அம்மா, ஒன்பது வயதான நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். எனக்குத் தலை பின்னுவது, வீட்டுக்கணக்கு சொல்லித்தருவது, அம்மாவிடம் அடி விழாமல் குறுக்கே வந்து நிற்பது எல்லாம் அவள்தான். பதிலுக்கு நான் தினமும் அவளோடு பஸ் ஸ்டாப் வரை போவேன். தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை உரக்கப் படித்துச் சொல்வது என் உத்தியோகம். அவள் என் படிப்பைச் சோதிக்கிறாள் என்று நினைத்து, ஸ்டாப்பில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி கத்துவேன். பத்தடிக்கு அப்பால் அத்தைக்கு எல்லாமே கலங்கல் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த வருஷம் அடையாறிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. அப்போதுதான் அத்தை தனக்குக் கண்ணாடி வேண்டும் என்றாள். அம்மா பதறிப்போனாள்.

"இத்தனை நாள் இருந்தாச்சு. கல்யாணம் ஆற வரைக்கும் பொறுத்துக்கப்படாதா? கண்ணாடி போட்ட பொண்ணுன்னா அவா என்ன சொல்லுவாளோ!"

"மன்னி, அவர் கூடத்தோட அந்தக் கோடில உக்காருவார். இங்கேர்ந்து பாத்தா நேக்குச் சுவர் எது, சட்டை எதுன்னே தெரியாது. அப்புறம் பிடிச்சிருக்கான்னு கேட்பேள். யாரைப் பாத்துச் சொல்றது?"

கடைசியில் அம்மாவே ஓர் ஏற்பாடு சொன்னாள். அத்தை சமையலறைக் கதவிடுக்கு வழியாகக் கண்ணாடி போட்டு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கழற்றி அரிசி டின் மேல் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வர வேண்டும். கல்யாணமானால் அத்தை அடையாறுக்கே போய்விடுவாள் என்பதை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மாட வீதியிலேயே ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. கடைக்காரருக்கு மயிலாப்பூரில் பாதிப் பேரை மூக்கு அளவோடு தெரியும். அங்கே காலையில் நுழைந்தால் விஷயம் மாலைக்குள் அடையாறுக்குப் போய்விடும் என்று அம்மா கணக்குப் போட்டாள். அப்பாவுக்கோ வேறு யோசனை. வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தார். டாக்டர் சீட்டில் உள்ள பவரை எழுதி அனுப்பினால் போதும், கடைவிலையில் பாதிக்குக் கண்ணாடி வீடு தேடித் தபாலில் வரும். தபாலில் வரும் எதையும் நம்புகிறவர் அப்பா. அதற்கு முன்பு அவர் வரவழைத்த கையடக்கத் தையல் மிஷின் பரணில் கிடந்தது.

யாருக்கும் தெரியாமல் தாம்பரம் வரை போய் ஒரு டாக்டரிடம் அத்தையின் கண்ணைக் காட்டினார்கள். படிவத்தில் அத்தையின் பெயரைப் போடக் கூடாது என்றாள் அம்மா. எங்கள் தெருத் தபால்காரர் பார்சலில் என்ன இருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறவர். அதனால் அப்பா என் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் வயது கேட்டிருந்தார்கள். பெயர் என்னுடையது, எனக்கு வயது ஒன்பது. அப்பாவின் கைக்கு வேறு எண் எழுத வரவில்லை. ஒன்பது என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. பிரித்தால், சிவப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி! குழந்தையின் வயதை உத்தேசித்துச் சிறிய ஃபிரேம் அனுப்பியிருப்பதாக அன்பான கடிதம் வேறு. அத்தை போட்டுப் பார்த்தாள். காதுக்கு எட்டவில்லை. ஆனாலும் கையால் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"அண்ணா, தெருக்கோடி பெட்டிக்கடைப் பலகையைப் படிக்க முடியறது. நேக்கு இதுவே போதும்."

"ரெண்டு காசு குடுத்தா கடைக்காரர் கம்பியை நீட்டிக் குடுத்துடுவார். சும்மா இரு," என்றார் அப்பா. சனிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு, கண்ணாடி எனக்குத்தான் என்று சொல்லச் சொல்லி, அதே மாட வீதிக் கடைக்குப் போனார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதையும் கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

கடைக்காரர் கண்ணாடியை என் முகத்தில் மாட்டினார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. எதிரே காலண்டரில் என்ன தேதி என்று கேட்டார். எனக்குக் காலண்டரே தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தபடி, "நன்னாத் தெரியறது" என்றேன். எழுந்து வந்தபோது ஸ்டூலில் முட்டிக்கொண்டேன்.

"இன்னா சார் இது? கொயந்த கண்ணு சூப்பரா கீது. இத்த போட்டா இருக்கற கண்ணும் பூடும்," என்றவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "யாருக்கோ அவங்கள இட்டாந்து என் எதிர்ல குந்த வைங்க. மூஞ்சிய பாக்காம கண்ணாடி குட்க்கறது பாவம் சார்."

அப்பா கெஞ்சிப் பார்த்தார். யாருக்கு என்று சொல்லாமல் எவ்வளவு நேரம்தான் கெஞ்ச முடியும்? வெறுங்கையோடு திரும்பினோம். அன்று முழுவதும் அத்தை துவைத்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குச் சற்று முன் அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நீதான்டி பாத்துச் சொல்லணும். நன்னாப் பாரு. ஒண்ணு விடாம சொல்லு." எனக்கு அவள்மேல் பரிதாபம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்றால், அத்தை இங்கேயே இருக்க வழி பிறந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

பஜ்ஜித் தட்டை ஏந்திக்கொண்டு நான் அந்த மனிதரைத் துருவித் துருவிப் பார்த்தேன். பொய்யாக எதையும் சேர்க்க வேண்டியே இருக்கவில்லை. குற்றங்கள் தாமாக வந்து விழுந்தன. அவர்கள் கிளம்பிப் போனதும் சமையலறைக்கு ஓடினேன்.

"அத்தை, அவர் வேண்டாம். நான் ரெண்டு தடவை சிரிச்சேன், திரும்பி சிரிக்கவே இல்லை. போறச்சே அப்பான்னு நினைச்சுண்டு பக்கத்தாத்து மாமாவுக்கு நமஸ்காரம் பண்ணினார். அப்புறம் அப்பாவோட செருப்பைப் போட்டுண்டு பாதித் தெரு போயிட்டார். மூக்குல வேற தழும்பு!"

"தழும்பா? எங்கே? தொட்டுக் காட்டு."

அவள் மூக்கின் மேல்பக்கம், கண்களை ஒட்டி, இரண்டு புறமும் விரலை வைத்தேன். "இங்கயும் இங்கயும். சிவப்பா, குழியா."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"அண்ணா, நேக்குச் சம்மதம்."

நான் கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதேன். தழும்பு மூஞ்சிக்காரருக்காக என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்று ஆத்திரம். அடையாறு வீட்டிலும் ஒரு அம்மா, இன்று ஒரு நாள் அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாடா என்று கெஞ்சியிருப்பாள் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அத்தையை நிறுத்திவைக்க நான் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்ன குற்றங்கள்தான் அவளை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போயின.