சாட்சிக் கூண்டில் ஒரு கும்பிடு

வக்கீல் தொழிலில் கேஸ் கைவிட்டுப் போச்சு என்று நான் நினைத்த நாட்கள் நிறைய உண்டு. அதில் முதலிடம் கல்யாணி சாட்சி சொன்ன நாளுக்குத்தான்.

கல்யாணி எங்கள் பர்மிய நகரத்தின் தின்கன்ஜூன் பேட்டையில் துணி தைப்பவள், நாற்பதைத் தாண்டியவள். சின்ன வயதில் அவளை ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள். விடுதியை நடத்திய சயா, அதாவது வாத்தியார், பல வருடம் அவளைப் பாலியல் கொடுமை செய்திருக்கிறார். அதே நகரத்தின் பபேடான் பேட்டையில் உள்ள என் ஆபீஸுக்கு மாடியேறி வந்தவள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் சொன்னாள்.

"எனக்கு நஷ்டஈடெல்லாம் வேணாங்க்கா. அந்த ஆளு இன்னும் அங்கதான் இருக்காரு. இப்பவும் பொண்ணுங்க இருக்குதுங்க. அவரை அங்கேருந்து எடுக்கணும்."

பழைய கேஸ். டாக்டர் சர்டிபிகேட் கிடையாது, கண்ணால் பார்த்த ஆளும் கிடையாது. அவள் வாய்ச்சொல் ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது.

கதவை மூடி விசாரணை. பேச்செல்லாம் பர்மியத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன். கல்யாணி கூண்டில் ஏறி நிற்கும்போது சயாவைக் கூட்டி வந்தார்கள். அவர் செருப்புச் சத்தத்தோடு வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், இவள் மண்டியிட்டு, தலை தரையில் படக் கும்பிட்டாள். தடின்ஜுட் விளக்குத் திருநாளில் வாத்தியார்களை எல்லோரும் இப்படித்தான் கும்பிடுவோம். கூண்டில் கும்பிட்ட சாட்சியை நான் அன்றுதான் பார்த்தேன். என் ஜூனியர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு லட்டு கிடைத்த சந்தோஷம். குறுக்கு விசாரணையில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கெடுதல் செஞ்சவரையா இப்படிக் கும்பிடுவீங்க?"

கல்யாணி தரையைப் பார்த்தாள். அவர் அத்தோடு விசாரணையை முடித்து உட்கார்ந்துவிட்டார்.

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று தொழிலில் சொல்லித் தருவார்கள். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் கேட்காமல் உட்கார்ந்தால் கேஸ் அங்கேயே முடிந்தது. எங்கள் சாட்சியிடம் மறுபடி கேள்வி கேட்க எழுந்தேன்.

"ஏம்மா அவரைக் கும்பிட்டே?"

"அவரு செருப்புச் சத்தம் கேட்டா கும்பிடணும். கும்பிடாத பிள்ளையைத்தான் அன்னைக்கு ரூமுக்குக் கூப்பிடுவாரு. அதான், கை தானா போயிடுச்சு."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள், இந்தத் தடவை சயாவைப் பார்த்தபடியே.

சயாவுக்குத் தண்டனை கிடைத்தது. விடுதி வேறு ஆட்கள் கைக்குப் போனது. இளைய வக்கீல்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சாட்சி செய்த காரியம் உங்களுக்கு விளங்கவில்லை என்றால், நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். அவரையே கேளுங்கள்.

அந்த வருடத் தடின்ஜுட்டுக்குக் கல்யாணி கேரியரில் மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் கொண்டுவந்தாள். மேஜையில் வைத்துவிட்டு என் முன்னால் மண்டியிட்டாள். நான் பதறிப்போய் எழுந்தேன்.

"ஐயோ, எந்திரிம்மா! எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"உக்காருங்கக்கா," என்றாள் சிரித்துக்கொண்டே. "இது நானா செய்யறது."

உட்கார்ந்துவிட்டேன்.